ஆடியில் விற்ற வெள்ளைப் பிக்கப்

ஃபிளீட் என்றால் கம்பெனிக்காரர் வாகனங்களை மொத்தமாக வாங்குவது. ரீட்டெயில் என்றால் ஒரு மனிதர் தனக்கென்று ஒன்றை வாங்குவது. மெல்பேர்னுக்கு மேற்கே வெரிபீயில் நான் வேலை செய்த கார் விற்கும் யார்டில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர் இருந்தது. முன்பக்கம் ரீட்டெயில்: வழுவழுப்பான தரை, கோப்பி மெஷின், பூச்சாடி. பின்பக்கம் ஃபிளீட்: இரண்டு மேசை, இரண்டு தொலைபேசி, ஒரு ஹீட்டர். அந்த ஹீட்டர் வேலை செய்கிறதா இல்லையா என்பது அதன்மேல் காலை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நான் பின்பக்கத்து ஆள்.

ஃபிளீட் வியாபாரம் லேசானது. ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, போன வருடம் எடுத்த மாதிரியே இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பார். நிறம் கேட்கத் தேவையில்லை, வெள்ளை. தரைக்குக் கம்பளம் வேண்டாம், ரப்பர் விரிப்புப் போதும். கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கினால் அதுவும் சரி. அமெரிக்காவிலிருந்து வருகிற பெரிய பிக்கப்புகள், பின்னால் திறந்த பெட்டியோடு ஏறுவதற்கே ஒரு படி வேண்டிய வாகனங்கள், அவற்றையும் நான் இப்படித்தான் கத்தரிக்காய் விற்பதுபோல விற்றேன். ஜூன் வந்தால் எங்களுக்குத் தேர்த்திருவிழா. நிதியாண்டு முடிவதற்குள் கையிலிருக்கும் பணத்தைச் செலவழித்துவிட வேண்டும் என்று கம்பெனிகள் ஓடித் திரியும். ஜூலையில் தொலைபேசி செத்துப்போகும்.

எனக்கு முன்பக்கம் போக வேண்டும் என்று ஆசை. சும்மா ஆசையில்லை, வயிற்றெரிச்சல் கலந்த ஆசை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் ஒரேயொரு வாகனத்தை வாங்கிவிட்டு, அதைச் சுற்றி நடந்து, மறுபடியும் சுற்றி நடந்து, கதவைத் திறந்து உள்ளே முகர்ந்து பார்ப்பார். மனைவியைக் கூட்டிவந்து காட்டுவார். நானோ வரிசை வரிசையாக விற்றிருந்தேன், அவற்றில் ஒன்றையாவது அதை ஓட்டப்போகிறவரின் முகத்தோடு சேர்த்துப் பார்த்ததில்லை. ஒரு லொறிக்காரன் சாவிக் கொத்தோடு வந்து ஏற்றிக்கொண்டு போவான், அவ்வளவுதான்.

முகாமையாளரிடம் பலமுறை கேட்டேன். மால்ட்டாவிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்த மனிதர், பெரிய தொண்டை, அதைவிடப் பெரிய வயிறு. கெட்டவர் இல்லை. "நீ ஃபிளீட்டில் கெட்டிக்காரி, உன்னை எடுத்துவிட்டால் நான் என்ன செய்வேன்?" என்று ஒவ்வொரு முறையும் முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்புவார். கெட்டிக்காரி என்று சொல்லிச் சொல்லியே ஒருத்தியை மூலையில் இருத்தி வைக்கலாம் என்பதை நான் அவரிடம்தான் கண்டேன். கோபம் வந்தால் நான் மேசை லாச்சியை அடித்துச் சாத்துவேன். அந்த லாச்சியின் கைப்பிடி இரண்டு தடவை கழன்றது.

அந்த வருட ஜூனில் ஒரு குழாய் பதிக்கும் கம்பெனி பெரிய பிக்கப்புகள் சிலவற்றுக்கு ஓடர் கொடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் ஒன்று மட்டும் வேண்டாம் என்றது. ஆட்களைக் குறைத்துவிட்டார்களாம். அந்த ஒன்று யார்டின் வேலியோரம் வந்து நின்றது. வெள்ளை வெளேரென்று, நீளமாக, உள்ளே ஒரு அலங்காரமும் இல்லாமல் நின்றது. கம்பெனிகள் எல்லாம் செலவழித்து முடித்துவிட்டன. தனி ஆள் ஒருவர் அவ்வளவு பெரிய வாகனம் வாங்க வந்தால் குரோம் கேட்பார், தோல் இருக்கை கேட்பார், சிவப்போ கறுப்போ கேட்பார். இதை யார் திரும்பிப் பார்ப்பது?

அப்போதுதான் முகாமையாளருக்கு என் நினைவு வந்தது.

"ஜூலை முழுக்க முன்பக்கம் வந்து நில். மாத முடிவுக்குள் அந்த வெள்ளையை விற்றுவிட்டால் நீ அங்கேயே இரு. ஆனால் கம்பெனிக்கு இல்லை, ஒரு ஆளுக்கு விற்க வேண்டும். விற்கவில்லை என்றால் திரும்பி உன் மேசைக்குப் போ. அதற்குப் பிறகு இந்தப் பேச்சே வேண்டாம்."

நான் யோசிக்காமல் கையைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லும்போது துள்ளிக்கொண்டு நின்றேன். அவர் நகரத்துக்கு ரயிலில் போய்வரும் கணக்காளர், அளந்துதான் பேசுவார்.

"அங்க கும்பலா விக்கிறீர், இங்க ஒண்டு. ஒண்டு விக்கிறதுக்கு ஏன் இவ்வளவு எழுப்பம்?"

"அந்த ஒண்டை வாங்குற ஆளின்ர முகத்தைப் பாக்கலாம்" என்றேன்.

"சரி, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேந்து வையும்" என்றார். வைத்தேன்.

ரீட்டெயில் என்ன பாடு என்று எனக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஒருவர் வந்து வெள்ளைப் பிக்கப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் கோப்பிக் கோப்பை வைக்க இடம் போதாது என்று போனார். இன்னொருவர் தன் நாயை ஏற்றிப் பார்த்தார். நாய்க்குப் பிடித்திருந்தது, மனைவிக்குப் பிடிக்கவில்லை. ஒரு இளைஞன் தினமும் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் நம்பிக்கையோடு கேட்டபோது, தனக்கு இன்னும் லைசென்ஸ் கிடைக்கவில்லை என்றான். பின்பக்கத்தில் ஒரு அழைப்பில் முடிகிற காரியத்துக்கு முன்பக்கத்தில் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது. ஆனாலும் பொய் சொல்லமாட்டேன், எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. அந்த நாயைக்கூடப் பிடித்திருந்தது.

ஆடிப்பிறப்பு முடிந்து வந்த சனிக்கிழமை. குளிர்காற்று யார்டில் கட்டியிருந்த கொடிகளையெல்லாம் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது மெல்பேர்னுக்கும் பொருந்தும். அப்போது ஒரு பழைய வான் உள்ளே வந்து நின்றது. அதன் கூரையில், கயிறு போட்டுக் கட்டியபடி, பொன்னிறம் பூசிய ஒரு தூண் கிடந்தது. தூணின் அடியில் ஒரு யானை, உச்சியில் ஒரு தாமரை. கோப்பி குடித்துக்கொண்டிருந்த விற்பனையாளர்கள் எல்லோரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

வானிலிருந்து இறங்கிய கணவன் மனைவி இருவரையும் எனக்குக் கல்யாண வீடுகளில் பார்த்த பழக்கம். மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களின் கல்யாணம் என்றால் மணவறை இவர்களுடையதுதான். வார நாட்களில் அங்கிள் தொழிற்சாலையிலும் அன்ரி முதியோர் இல்லத்துச் சமையலறையிலும் வேலை. சனி ஞாயிறுகளில் தூண்களையும் பூச்சரங்களையும் கதிரைகளையும் ஏற்றிக்கொண்டு மண்டபம் மண்டபமாக ஓடுவார்கள். வான் போதாமல் இரண்டு நடை, மூன்று நடை. வழியில் அது நின்றுபோய், மாப்பிள்ளை வந்த பிறகு மணவறை வந்த கதையும் உண்டு.

"வேலியில நிக்கிற வெள்ளையனை ரோட்டால போகேக்க கண்டனாங்கள்" என்றார் அங்கிள். "எங்கட தூண் கிடக்குமோ எண்டு ஒருக்கா வைச்சுப் பாப்பமோ?"

நான் யாரையும் கேட்கவில்லை. பிக்கப்பின் பின்கதவை இறக்கினேன். அங்கிள் ஒரு முனை, நான் ஒரு முனை. யானை முன்னுக்குப் போக, தாமரை பின்னுக்கு வர, தூண் பின்பெட்டிக்குள் நீட்டி நிமிர்ந்து படுத்தது. பின்கதவைச் சாத்தவும் முடிந்தது. அங்கிள் குழந்தை மாதிரிக் கைதட்டினார்.

அன்ரி அவ்வளவு லேசில் மயங்குகிற ஆள் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் ஏறி உள்ளே இருந்தார். முதலில் இருக்கையைத் தடவினார். பிறகு கீழே குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தார். அந்த ரப்பர் விரிப்பைப் பார்த்து முன்பு வந்த பலர் முகம் சுளித்திருந்தார்கள்.

"இது என்ன பிள்ளை, ரப்பரோ?"

"ஓம் அன்ரி."

"ஹோஸ் பிடிச்சுக் கழுவலாமோ?"

"கழுவலாம்."

"அப்ப குங்குமம் கொட்டினாலும் போகும், குத்துவிளக்கு எண்ணெய் ஊத்துண்டாலும் போகும். கார்ப்பெட் போட்டவன் என்ன விசரனோ?" என்று கேட்டுவிட்டு, "வெள்ளை நிறமும் நல்லதுதான். சந்தனப் பொட்டு வைச்சா வடிவாத் தெரியும்" என்றார்.

கம்பெனிக்காரர்கள் மலிவுக்காகக் கேட்டு வாங்கியவை எல்லாம் அன்ரிக்கு வசதியாகிவிட்டன. நான் வானத்தில் பறந்தேன். விலையில் இழுபறியே இல்லை. உள்ளே கூட்டிப்போய்க் கோப்பி கொடுத்து, கையெழுத்துக்குப் பேனையையும் எடுத்துவிட்டேன்.

அன்ரி பேனையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஆடி முடியட்டும் பிள்ளை."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அந்தக் கிழமைதான் என் வீட்டில் ஆடிக்கூழ் காய்ச்சிக் குடித்திருந்தேன். கொழுக்கட்டை அவித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்திருந்தேன். அப்படிப்பட்ட நான், ஆடி மாதத்துக்குள் ஒரு வாகனம் விற்றுக் காட்டுகிறேன் என்று கையைக் கொடுத்திருக்கிறேன்! எங்கள் ஆட்கள் ஆடிக்குள் ஒரு கரண்டிகூடப் புதிதாக வாங்கத் தயங்குவார்கள். ஆவணி பிறக்க ஓகஸ்ட் நடுப்பகுதி ஆகும். ஜூலை முடிவுக்குள் என்றால் எங்கே போவது?

"ஏன் பிள்ளை முகம் கறுத்துப்போச்சு?" என்று கேட்டார் அன்ரி.

மறைக்க எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கொட்டினேன்: கண்ணாடிச் சுவர், பின்பக்க மேசை, முகாமையாளரோடு போட்ட பேச்சு. அன்ரி உச்சுக்கொட்டினார். அங்கிள் மனைவியைப் பார்த்தார். அன்ரி தலையை ஆட்டி மறுத்தார். "பாவம்தான். ஆனா புது வாகனம் ஆடிக்குள்ள எடுத்து, நாளைக்கு ஒண்டு நடந்தா என்ன செய்யிறது? ஆவணி பிறந்த உடனை கல்யாணங்கள் வரிசையா நிக்குது. ஓட வேண்டிய வாகனம்."

அதுவும் நியாயம்தான். பேச்சை மாற்றுவதற்காக, ஆவணிக் கல்யாணங்களுக்கு மணவறையை எப்போது புக் பண்ணுவார்கள் என்று கேட்டேன்.

"இப்பதான். ஆடிக்குள்ளதானே சனம் ஓடி ஓடி வரும்."

"ஆடிக்குள்ள புக் பண்ணுறவையோ?"

"வாடகைக்கு ஆடி மார்கழி பாக்கிறேல்லை பிள்ளை" என்றார் அன்ரி. "வாங்கிறதுக்குத்தான் நாள் பாக்கிறது."

நான் கதிரையிலிருந்து எழுந்தே விட்டேன். வாடகை! ஃபிளீட்டில் அரைவாசி அப்படித்தானே நடக்கிறது? லீசிங் கம்பெனி வாகனத்தை வாங்கும். வேலைக்கு எடுப்பவர் மாதாமாதம் வாடகை கட்டி ஓட்டுவார். தவணை முடிந்தபிறகு விரும்பினால் தனக்கே எடுத்துக்கொள்ளலாம். எடுப்பவரின் டெப்போவில் இடம் வரும்வரை வாகனம் யார்டிலேயே நிற்பதும் வழக்கம். அங்கிளின் மணவறை வியாபாரம் பதிவில் இருந்தது, லீசிங்குக்கு அது போதும். ஆக, லீசிங் கம்பெனி ஜூலையில் வாங்கட்டும், அதற்கு ஆடியும் இல்லை ஆவணியும் இல்லை. அங்கிள் ஆவணியில் நல்ல நாள் பார்த்து எடுக்கட்டும். சொந்தமாக வாங்குவது எப்போதோ, அதையும் நல்ல மாதத்தில் செய்துகொள்ளட்டும்.

அன்ரி விரல்விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தார். குற்றம் ஏதும் அகப்படவில்லை. "உது நல்ல மூளை" என்றார். அங்கிள் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஆடலாமா பாடலாமா என்று இருந்தது. லீசிங் கம்பெனியும் ஜூலை முடிவதற்குள் வாங்கி முடித்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது இதற்கென்றே வந்த பழமொழி. முகாமையாளர் தாள்களைப் புரட்டினார். "நல்ல வேலை. ஆனால் வாங்கியது யார்?"

"அந்த அங்கிளும் அன்ரியும்."

"இல்லை. வாங்கியது லீசிங் கம்பெனி. கம்பெனி வாங்கினால் அது ஃபிளீட். நீ மறுபடியும் ஃபிளீட்தான் விற்றிருக்கிறாய்."

இத்தனை வருடம் அந்த வித்தியாசத்தைத் தின்று குடித்து வளர்ந்தவள் நான். கையெழுத்து வாங்கும்போது அது ஒரு கணமும் என் மண்டையில் ஏறவில்லை. ஆடியைத் தாண்டுகிற சந்தோஷத்தில் கம்பெனியிடம் போய் விழுந்துவிட்டேன். அன்றைக்கு லாச்சியை அடித்துச் சாத்தவும் மனம் வரவில்லை. பின்பக்கம் போய் என் மேசையில் இருந்தேன். வீட்டில் கணவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அவர் பகிடி பண்ணாமல் விட்டதில்தான் எனக்கு அழுகை வந்தது.

ஆவணி பிறந்தது. ஃபிளீட் வழக்கப்படி அந்த வெள்ளையை லொறிக்காரன் அங்கிள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போக வேண்டும். நான் தொலைபேசியில் சொன்னதும் அன்ரி பொங்கிவிட்டார். "என்ன பிள்ளை கதைக்கிறீர்? வாடகை எண்டாலும் வாகனம் வாகனம்தான். ஆரோ ஒரு லொறிக்காரன் கொண்டுவந்து வாசலில விட்டிட்டுப் போறதோ? நாங்கள் வந்து எடுப்பம். திறப்பையும் உம்மட கையாலதான் தரவேணும். நல்ல நேரத்துக்கு வாறம்."

வந்தார்கள். இருவர் வருவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். கார்கள் வந்துகொண்டே இருந்தன. பக்கத்திலுள்ள டார்னெய்ட்டில் புதிதாக வீடு கட்டிய மருமகன் குடும்பம், முதியோர் இல்லத்தில் அன்ரியோடு வேலை செய்கிற பெண்கள், அடுத்த கிழமை கல்யாணம் செய்யவிருந்த மாப்பிள்ளையும் பெண்ணும், பட்டுச் சேலைகள், குளிருக்கு அதன்மேல் கோட்டுகள். கோயில் ஐயரும் காலில் சப்பாத்தோடு வந்து இறங்கினார். முன்பக்கத்து வழுவழுப்பான தரையில் வடைப் பெட்டிகள் வரிசையாகப் பரவின. வாகனம் பார்க்க வந்த வேறு ஆட்களும் கையில் வடையோடு நின்றார்கள்.

ஐயர் மந்திரம் சொன்னார். முன்கண்ணாடிக்குக் கீழே சந்தனமும் குங்குமமும் ஏறின. அன்ரி சொன்னது சரி, வெள்ளையில் வடிவாகத் தெரிந்தது. அங்கிள் கொங்கிரீட்டில் தேங்காயை அடித்தார். ஒரு பாதி துள்ளிப்போய் விற்பனைக்கு நின்ற காரின் கீழே புகுந்தது. அதை எடுக்க இரண்டு விற்பனையாளர்கள் நிலத்தில் படுத்தார்கள். டயர்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தோம். நான் வலது கையால் சாவியைக் கொடுத்தேன். அன்ரி அதை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போது அவர் கண்ணிலிருந்து நீர் ஓடியதை நான் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் இவ்வளவு காலமும் கண்ணாடிக்குப் பின்னால் கிடந்து தவித்தேன். எனக்கு அதுவே போதும் என்று பட்டது. உண்மையாகவே போதும் என்று பட்டது.

அங்கிள் ஏறி ஓட்ட, எலுமிச்சம்பழம் நசியும் சத்தத்தோடு வாகனம் ஒரு முழம் முன்னே நகர்ந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

முகாமையாளர் ஒரு ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தன் தகப்பன் முதன்முதல் லொறி வாங்கியபோது தாய் பாதிரியாரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளித்ததை, கேட்பவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு நின்றார். பிறகு வடையை விழுங்கிவிட்டு, வாகனத்துப் பக்கம் போனார். அன்ரி படியில் ஒரு கால் வைத்து ஏறத் தயாராக நின்றார்.

"அம்மா, இந்த டிரக் யாருடையது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கேள்வி எதற்கு என்று அன்ரிக்குத் தெரியாது. ஓட்டவும் தெரியாது. தாள்களின்படி அது லீசிங் கம்பெனியின் சொத்து, அதில் கையெழுத்துப் போட்டதும் அங்கிள்தான். அன்ரி வெள்ளைக் கதவின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

"மை டிரக்" என்றார்.

முகாமையாளர் என் பக்கம் திரும்பினார். "எந்தக் கம்பெனியும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை" என்றார். "நீ ஒரு ஆளுக்குத்தான் விற்றிருக்கிறாய். திங்கட்கிழமை முன்னுக்கு வந்து இரு."

நான் வாய் நிறைய வடையோடு விம்மி அழுதேன். அன்ரி பதறிப்போய்ப் படியிலிருந்து இறங்கி வந்தார். "நல்ல நேரத்தில அழக்கூடாது பிள்ளை" என்று என் முகத்தைத் துடைத்துவிட்டு, என்னைக் கையில் பிடித்து இழுத்துத் தனக்குப் பக்கத்தில் ஏற்றி இருத்தினார். அங்கிள் வாகனத்தை எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் முன் இருக்கையில் நெருக்கியடித்துக்கொண்டு, கோயில் வரைக்கும் சிரித்தபடி போனோம்.